சொரசொரப்பான சீலிங்: பெயின்ற் ஏன் நிற்கவில்லை, எப்படிச் சரிசெய்வது

தைப்பொங்கலுக்கு முதல் வாரம் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பெயின்ற் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. வீட்டை வெள்ளையடித்துவிட்டுப் பொங்குவது நம் பழக்கம். சுவருக்குத் தாராளமாக அடியுங்கள். சீலிங்கை மட்டும் மாசி வரை விட்டுவையுங்கள் என்று யாரைக் கண்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை வாடைக்காற்றோடு பெய்த மழையை உங்கள் தலைக்கு மேல் இருக்கும் கொங்கிறீற் பிளாட், அதாவது தட்டைக் கூரை, குடித்து வைத்திருக்கிறது. பொங்கலன்று அது காய்ந்திருக்காது. அதன் மேல் அடித்த பெயின்ற் பங்குனி வெயில் ஏறும்போது கொப்புளித்து நிற்கும். அப்புறம் பெயின்ற்றில் குறை, கடைக்காரரில் குறை, அடித்த பொடியனில் குறை என்று தேடுவோம்.

சீலிங் பெயின்ற்றில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை பெயின்ற் தகரத்துக்குள் இருந்து வருவதில்லை. மேலே தண்ணீர், கீழே தூள், இடையில் அவசரம். இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். உங்கள் சீலிங்கில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போங்கள். துருப்பிடித்த செந்நிறக் கறையோ, சாந்து பெயர்ந்து கம்பியோ தெரிந்தால் மற்றதெல்லாம் இருக்கட்டும், கடைசிப் பகுதியை முதலில் வாசியுங்கள்.

தொடுவதற்கு முன்

நம் பக்கத்தில் பல வீடுகளில் ஓட்டுக் கூரைக்குக் கீழே சீலிங்கே இல்லை. மீள்குடியேறிய பிறகு, கையில் கொஞ்சம் காசு சேர்ந்தபோது, முன்விறாந்தைக்கோ ஓர் அறைக்கோ பிளாட் போட்டவர்கள்தான் அதிகம். அந்தப் பிளாட்டின் அடிப்பக்கத்தைச் சாந்து பூசி, ஸ்பொஞ்சால் தட்டிச் சொரசொரப்பாக விட்டிருப்பார்கள். சிலர் அதன் மேல் தடித்த டெக்ஸ்சர் பூச்சை றோலரால் உருட்டிப் புள்ளி எழுப்பியிருப்பார்கள். நான் எழுதுவது இந்த இரண்டையும் பற்றி.

மூன்றாவதாக அஸ்பெஸ்ரஸ் சீற் அடித்த சீலிங் இருக்கிறது. அதைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: அரத்தாள் போடாதீர்கள், கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், காய்ந்த தும்புத்தடியால் அடித்துக் கூட்டவும் வேண்டாம். அந்தத் தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரல் நோயும் புற்றுநோயும் வரலாம், அதுவும் பல ஆண்டுகள் கழித்து. ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டு, உடையாத சீற்றுக்கு அப்படியே பெயின்ற் அடிப்பதுதான் நல்லது. கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் பழைய வீடு வாங்கி, பொப்கோர்ன் சீலிங்கை, அதாவது பொரி ஒட்டியது மாதிரிப் பூச்சுள்ள சீலிங்கை, சுரண்டப் போகிறேன் என்று போனில் சொன்னால் அவருக்கும் இதையே சொல்லுங்கள். 1990க்கு முந்திய அந்த மாதிரிச் சீலிங்குகள் சிலவற்றிலும் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கிறது. சோதித்துப் பார்க்காமல் தொடக்கூடாது.

மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். மின்விசிறியைக் கழற்ற முடியாவிட்டால் பொலித்தீன் சுற்றிக் கட்டுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். மேலிருந்து விழுவது வெறும் பெயின்ற் இல்லை, பழைய சுண்ணாம்பும் சீமெந்தும் கண்ணைச் சுடும். ஒரு ரோச் லைற்றும் எடுத்துக்கொள்ளுங்கள். நேரே அடித்துப் பார்க்காமல், சீலிங்கோடு ஒட்டிப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் தெரியாத மேடு, பள்ளம், உரிசல் எல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும்.

றோலரோடு சேர்ந்து சீலிங்கும் வருகிறது

முதல்முறை உருட்டும்போது நன்றாகத்தான் இருக்கும். விட்டுப்போன இடம் என்று திரும்ப ஒருமுறை உருட்டியதும் றோலரில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு பூச்சு கழன்று வரும். மேலே மொட்டைத் திட்டு. வாளிக்குள் பெயின்ற் கஞ்சி மாதிரி.

என்ன நடந்தது என்றால், பெயின்ற்றில் இருக்கும் தண்ணீர் பழைய பூச்சை ஊறவைத்துவிட்டது. பழைய சுண்ணாம்பாக இருக்கலாம், பசை குறைந்த டெக்ஸ்சராக இருக்கலாம், சீமெந்து குறைத்து மணல் கூட்டிப் பூசிய சாந்தாகவும் இருக்கலாம். ஒருமுறை உருட்டும் வரை தாங்கும். ஊறிய பிறகு தாங்காது.

உடனே நிறுத்துங்கள். அடித்த மட்டும் போதும் என்று விட்டு, ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். காய்ந்ததும் மறுபடி கெட்டியாகிவிடும். ஈரத்தில் சுரண்டினால் நல்ல பூச்சும் சேர்ந்து வரும்.

அடுத்த நாள் பெயின்ற் படாத இடத்தில் விரலை நனைத்து, பத்து எண்ணும் வரை ஒரே இடத்தில் தேயுங்கள். விரலில் வெள்ளைச் சேறு வந்தால் அது கரைகிற பூச்சு. ஒரு கறுப்புத் துணியைக் காய்ந்தபடியே தேய்த்தும் பாருங்கள். துணி வெளுத்தால் தூள் தட்டுகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கழன்று வருவதை மட்டும் அகலமான தகட்டால் சுரண்டி, தூசியைத் துடைத்து, பிறைமர் (பெயின்ற்றுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிப்பது. கடையில் கேட்கும்போது சீமெந்துக் காரத்தைத் தாங்கும் பிறைமர், தூளைக் கட்டிப்பிடிக்கும் வகை என்று கேளுங்கள். தண்ணீர் கலக்கும் அளவைத் தகரத்தில் எழுதியபடியே கலக்குங்கள். காசு மிச்சம் பிடிக்கலாம் என்று பிறைமரில் தண்ணீரை அள்ளி ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அந்த மிச்சம் அடுத்த மாரிக்குள் உரிந்து கீழே விழுந்துவிடும்.

மிகவும் தளர்ந்த பூச்சு என்றால் முதல் பிறைமரை றோலரால் அடிக்காமல், தோட்டத்துக்கு மருந்தடிப்பது மாதிரித் தெளித்து விடலாம். தொடாமல் ஈரம் போய்ச் சேரும். ஆனால் தோட்டத்தில் மருந்தடித்த கருவியையே எடுத்துவிடாதீர்கள், நஞ்சு வீட்டுக்குள் வரும். தெளிப்பது எதுவானாலும் முகக்கவசம் வேண்டும். காய்ந்த பிறகு விரல் சோதனையை மறுபடி செய்யுங்கள். சேறு வராவிட்டால்தான் பெயின்ற்றுக்குப் போகலாம்.

பெயின்ற் அடிக்கும்போதும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரு துண்டில் ஒருமுறை போய், ஒருமுறை வந்து விட்டுவிடுங்கள். விட்டுப்போன புள்ளிகளை இரண்டாம் பூச்சில் பார்த்துக்கொள்ளலாம். கை சும்மா இருக்காமல் திரும்பத் திரும்ப உருட்டுவதுதான் நல்ல சீலிங்கையும் கழற்றிவிடுகிறது.

காய்ந்ததும் குழி குழியாகப் பழைய நிறம் தெரிகிறது

மேடுகளில் பெயின்ற், பள்ளங்களில் பழைய அழுக்கு. சுவருக்கு வாங்கிய மெல்லிய றோலரையே சீலிங்குக்கும் எடுத்திருப்பீர்கள். அதன் பஞ்சு குழிக்குள் எட்டாது. முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீற்றர் அளவுக்குப் பஞ்சு நீளமுள்ள றோலர் வேண்டும்.

முதல் பூச்சைக் கிழக்கு மேற்காக உருட்டினால் இரண்டாவதை வடக்குத் தெற்காக உருட்டுங்கள். ஒவ்வொரு குழிக்கும் நான்கு பக்கம் இருக்கிறது. ஒரே திசையில் உருட்டினால் ஒரு பக்கம் எப்போதும் நிழலிலேயே நிற்கும். அப்படியும் தப்பும் ஆழமான குழிகளை இரண்டங்குலப் பிறஷ்ஷின் நுனியால் குத்தி நிரப்புங்கள். இழுக்கக் கூடாது.

றோலரைக் காதால் கவனியுங்கள். பெயின்ற் போதிய அளவு இருக்கும்போது மெல்லிய ஈரச் சத்தம்தான் வரும். சர் சர் என்று ஒட்டிப் பிடுங்கும் சத்தம் வந்தால் றோலர் காய்ந்துவிட்டது. அழுத்தித் தேய்க்காமல் மறுபடி தோயுங்கள்.

பெயின்ற் அளவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 12க்கு 12 அடி அறை என்றால் 144 சதுர அடி. வழுவழுப்பான இடத்தில் ஒரு லீற்றர் ஏறக்குறைய 100 சதுர அடிக்குப் போகும். சொரசொரப்பில் 70 அளவில் நின்றுவிடும். இரண்டு பூச்சுக்கு 4 லீற்றர் தகரம் ஒன்று ஏறக்குறையச் சரியாக வரும். நல்ல பஞ்சு றோலரே கால் லீற்றருக்குக் கிட்டக் குடித்துவிடும் என்பதால் கொஞ்சம் பற்றாமல் போனால் ஆச்சரியப்படாதீர்கள். பாதியில் தீர்ந்து வேறு தகரம் வாங்கினால் இரண்டையும் ஒரே வாளியில் கலந்துவிட்டு அடியுங்கள். வெள்ளையிலும் வெள்ளை வேறுபடும்.

பட்டை பட்டையாகத் தெரிகிறது

யன்னலைத் திறந்ததும் சீலிங்கில் வரி வரியாகத் தெரிந்தால், ஒரு வரிசை காய்ந்த பிறகு அடுத்த வரிசை அதன் மேல் ஏறியிருக்கிறது. நம் வெயிலில் இது வெகு சுலபம். மேலே பிளாட் சுட்டால் கீழே அடித்த பெயின்ற் சில நிமிடங்களில் இழுத்துக்கொள்ளும்.

காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் ஓர் அறையை முடித்துவிடுங்கள். மத்தியானம் அடிக்க வேண்டாம். மின்விசிறி நிறுத்தி இருக்கட்டும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் ஓரங்களைப் பிறஷ்ஷால் வெட்டிக்கொண்டு போக, மற்றவர் பின்னாலேயே றோலரோடு வர வேண்டும். நாலு ஓரத்தையும் முதலில் முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து வந்தால், சட்டம் போட்ட படம் மாதிரி ஓரம் தனியாகத் தெரியும். மினுக்கமில்லாத, மட் வகைப் பெயின்ற் வாங்குங்கள். மினுக்கம் ஒவ்வொரு வரியையும் காட்டிக்கொடுக்கும்.

ஆனி, ஆடியில் இன்னொரு தொல்லை: சோளகம் அள்ளி வரும் செம்மண். ஈரப் பெயின்ற்றில் ஒட்டினால் போகாது. காற்று எழும்பும் பக்கத்து யன்னலுக்கு நனைத்த சாரம் ஒன்றைத் தொங்கவிட்டுவிட்டு அடியுங்கள்.

மண்ணிறக் கறை மறுபடி மறுபடி வருகிறது

விசுவமடுவில் என் மாமி வீட்டு முன்னறையில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த அடையாளம் மாதிரி ஒரு வளையம். ஒரு பூச்சு அடித்தேன். ஒரு வாரத்தில் மஞ்சளாக வந்தது. இரண்டாவது அடித்தேன், வந்தது. மூன்றாவதும் அடித்த பிறகுதான் ஏணி வைத்துப் பிளாட்டுக்கு மேல் ஏறினேன். தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் வேப்பஞ் சருகு அடைத்து, அதன் மேல் காகம் கொண்டுவந்து போட்ட சுள்ளி. மழை விட்டு நான்கு நாளாகியும் கணுக்கால் நனையும் அளவு தண்ணீர் நின்றது. பத்து நிமிட வேலை. மூன்று பூச்சுப் பெயின்ற்றும் வீண்.

அதனால் கறையைக் கண்டால் முதலில் மேலே ஏறுங்கள். பிளாட் என்றால் குழாய் வாய், வெடிப்பு, தண்ணீர்த் தாங்கியின் அடி. ஓட்டுக் கூரைக்குக் கீழே சீலிங் என்றால் குரங்கு நகர்த்திய ஓடு, நிரம்பி வழியும் பீலி. வௌவால் தங்கும் கூரையில் அதன் மூத்திரமும் இதே நிறத்தில் கறை போடும்; மணத்தில் தெரிந்துவிடும்.

ஒழுக்கை நிறுத்தி, இடம் முற்றாகக் காய்ந்த பிறகும் கறை மறையாது. தண்ணீர்ப் பெயின்ற் கறையை மூடுவதில்லை, கரைத்து மேலே கொண்டுவருகிறது. விறகடுப்புக் குசினிச் சீலிங்கில் புகைக்கறை மஞ்சளாக ஊறி வருவதும் இதனால்தான். கறைக்கு மேல் எண்ணெய்ப் பிறைமர் ஒரு பூச்சு அடித்து, ஒரு நாள் காயவிட்டு, அதன் மேல் வழமையான பெயின்ற் அடியுங்கள். கறையின் விளிம்பையும் தாண்டி நான்கு விரல் அகலத்துக்குப் பிறைமர் போக வேண்டும். குசினி என்றால் அதற்கு முன் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த ஸ்பொஞ்சால் எண்ணெய்ப் பிசுக்கை ஒற்றி எடுத்து, நல்ல தண்ணீரால் மறுபடி ஒற்றுங்கள்.

புதிதாகப் பூசிய சீமெந்துக்கு மட்டும் எண்ணெய்ப் பிறைமர் வேண்டாம். சீமெந்தின் காரம் அந்த எண்ணெயைச் சவர்க்காரமாக்கிவிடும். பிறகு அது வழுக்கி உரியும்.

கொப்புளம், அல்லது வெள்ளை உப்பு

கொப்புளத்தை ஊசியால் குத்துங்கள். தண்ணீர் வந்தாலோ உட்புறம் ஈரமாக இருந்தாலோ மேலிருந்து ஈரம் இறங்குகிறது. காய்ந்து இருந்து, பின்பக்கம் தூள் ஒட்டியிருந்தால் தூசி துடைக்காமல் அடித்திருக்கிறீர்கள்.

ஈரத்தைச் சோதிக்க ஒரு முழ அகலப் பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் ரேப்பால் காற்றுப் போகாமல் சீலிங்கில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உட்பக்கத்தில் வேர்வை மாதிரித் துளி பிடித்தாலோ, ஒட்டிய இடம் கறுத்திருந்தாலோ இன்னும் இரண்டு வாரம் பொறுத்து மறுபடி ஒட்டுங்கள். பொங்கலுக்கு அடிக்கத்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம் இந்தத் துண்டைக் காட்டினால் போதும். நான் வாயால் சொன்னதைவிட அந்தத் துளிகள் நன்றாகச் சொல்லும்.

புது வீட்டுக்குக் குடிபுகும் நாள் குறித்துவிட்டு, பூச்சு முடிந்த பத்தாம் நாள் பெயின்ற் அடிக்கச் சொல்வார்கள். புதுச் சாந்துக்குக் குறைந்தது 28 நாள் கொடுங்கள். மாரியில் அதுவும் போதாது. சீலிங்கை மட்டும் பெயின்ற் அடிக்காமல் விட்டுக் குடிபுகுந்தால் சுபகாரியம் எதுவும் குறைந்துவிடாது.

வெள்ளைப் பஞ்சு மாதிரி உப்புப் பூத்திருந்தால், காய்ந்த தூரிகையால் தட்டி எடுத்து வெளியே கொட்டுங்கள். தண்ணீரால் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய், காயும்போது மறுபடி பூக்கும். கரையோரப் பக்கம் உவர்க் கிணற்றுத் தண்ணீரில் சாந்து குழைத்த வீடுகளில் இது நீண்ட நாள் வரும். பூப்பது நிற்கும் வரை தட்டித் தட்டி எடுத்துவிட்டு, பிறகுதான் பிறைமர்.

கறுப்புப் புள்ளிகள்

மாரிக்குப் பிறகு மூலைகளில் மிளகு தூவியது மாதிரி வந்தால் பூஞ்சணம். அதன் மேல் பெயின்ற் அடித்தால் பெயின்ற்றைத் தின்று வெளியே வரும். துணி வெளுக்கும் திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து, ஸ்பொஞ்சால் ஒற்றி, கால் மணி நேரம் விட்டுத் துடையுங்கள். கையுறை, கண்ணாடி, திறந்த யன்னல் மூன்றும் வேண்டும். கழிவறை கழுவும் அமிலத்தை இதோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். வரும் புகை ஆளைக் கொல்லும். காற்றோட்டம் இல்லாத அறை என்றால் அடுத்த மாரியிலும் வரும், யன்னலுக்கு மேல் ஒரு காற்றுக்கண் வைப்பதுதான் வழி.

குழிகளுக்குள் சேறு வெடித்தது மாதிரி

ஒரே பூச்சில் முடிக்கலாம் என்று தடிப்பாக அடித்ததால் குழியில் பெயின்ற் தேங்கி, மேல்தோல் காய்ந்து வெடித்திருக்கிறது. சுரண்டி எடுத்து, மெல்லியதாக இரண்டு தடவை அடியுங்கள். அடிக்கும்போது முகத்திலும் முழங்கையிலும் வழிந்தாலும் காரணம் இதுதான். வாளியில் தோய்த்த றோலரைத் தட்டில் நன்றாக உருட்டி வழித்துவிட்டு மேலே கொண்டுபோங்கள், மெதுவாக உருட்டுங்கள்.

திருத்திய இடம் தழும்பு மாதிரித் தெரிகிறது

உரிந்த இடத்தைப் புட்டியால் (பள்ளம் நிரப்பும் பசையால்) வழித்து நிரப்பினால் சுற்றியிருக்கும் சொரசொரப்புக்கு நடுவே வழுக்கைத் திட்டு விழும். எத்தனை பூச்சு அடித்தாலும் மறையாது.

புட்டியோடு நன்றாகச் சலித்த மெல்லிய மணல் கொஞ்சம் கலந்து, தயிர்ப் பதத்துக்குக் குழையுங்கள். பள்ளத்தில் பூசி, நீர் இழுக்கத் தொடங்கும் வரை பொறுங்கள். விரலால் தொட்டால் ஒட்டாமல், ஆனால் பதியும். அந்த நேரம் நனைத்துப் பிழிந்த ஸ்பொஞ்சை நேராகக் குத்தி நேராக எடுங்கள். ஒவ்வொரு குத்துக்கும் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்புங்கள். இல்லாவிட்டால் ஒரே அச்சு வரிசையாக விழுந்து செயற்கையாகத் தெரியும். திட்டின் விளிம்போடு நின்றுவிடாமல் பழைய பூச்சின் மேலும் ஒரு சாண் வரை தட்டுங்கள். முதலில் ஒரு பலகைத் துண்டில் பழகிவிட்டு ஏணியில் ஏறினால் நிம்மதி. காய்ந்த பின், திருத்திய இடத்துக்கு மட்டும் அடிக்காமல் சீலிங் முழுவதற்கும் ஒரு பூச்சு விடுங்கள்.

செந்நிறக் கறை, நேர்கோட்டு வெடிப்பு, சாந்து விழுகிறது

இதற்குப் பெயின்ற் மருந்து கிடையாது. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அது வீங்கித் தள்ளுவதால்தான் கம்பி ஓடும் வழியே நேராக வெடிப்பு விழுகிறது. கடல் மணல் கலந்து கட்டிய பிளாட்டிலும், கம்பிக்குக் கீழே போதிய கொங்கிறீற் இல்லாத பிளாட்டிலும் இது சீக்கிரம் வரும். யுத்த காலத்தில் ஷெல் துண்டு பட்ட இடத்தை வெறும் சாந்தால் மூடிவிட்டுக் குடியிருக்கும் பழைய வீடுகளில் நான் இதைப் பார்த்திருக்கிறேன். வெளியே வெள்ளையடித்து அழகாக இருக்கும். தட்டினால் பொள் என்று கேட்கும்.

ஒரு தடியின் நுனியால், ஓரமாக நின்றுகொண்டு, மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும். பொள்ளென்று கேட்கும் எல்லையைக் கரியால் வட்டமிட்டுவிட்டு, பிளாட் வேலை தெரிந்த மேசனையோ தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். தளர்ந்த கொங்கிறீற்றை உடைத்து, கம்பியைத் துரு நீக்கி, உரிய கலவையால் திரும்பக் கட்டும் வேலை அது. அவர்கள் வந்து பார்க்கும் வரை அந்த வட்டத்துக்குக் கீழே கட்டிலையோ பிள்ளையின் ஏணையையோ போட்டு வைக்காதீர்கள்.